நல்ல தண்ணி

ஆடி அமாவாசை அன்று காலை, ஊரே கடலில் முழுக்குப் போட்டுக் கரையேறிய நேரத்தில், சிப்பியேந்தல் குடிநீர் நிலையத்தின் தேர்கரி வாயை மூடிக்கொண்டது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈரத்துணியோடு வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தவர்களுக்குக் காற்றுதான் வந்தது. உடம்பெல்லாம் உப்புப் பூத்துப்போய் நின்றவர்கள் முதலில் மின்சாரத்தைத் திட்டினார்கள். மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்ததும் வெயினியைத் திட்டினார்கள்.

இளவெயினி கடல்நீர்த் துறையில் நாப்பயிற்றுநர். கடல்நீரை வடிகட்டும் கரித்தாளுக்கு மனித நாக்கின் ருசியைக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு இந்த வேலையை விளக்கி விளக்கியே அவள் அம்மா அலுத்துப்போயிருந்தாள். சிப்பியேந்தல்தான் அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் ஊர்.

நிலையத்துக்குள் ஓடிப்போய்ப் பார்த்தாள். எதுவும் கெட்டிருக்கவில்லை. பம்பு நன்றாக இருந்தது, கடலும் இருந்த இடத்திலேயே இருந்தது. பலகையில் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'வேண்டாம்.'

கரித்தாள் ஒன்றும் புதிதல்ல. பென்சில் முனையில் இருக்கிற அதே கரியை ஓர் அணுவின் கனத்துக்கு விரித்த தாள் அது. தண்ணீர் மட்டும் நுழைகிற அளவுக்கு அதில் துளைகள். ஒரு பக்கம் கடலை ஊற்றினால் மறுபக்கம் குடிநீர். வந்த புதிதில் கடற்கரை ஊர்களெல்லாம் அதைக் கொண்டாடின. பிறகுதான் குறை தெரிந்தது. அந்தத் தண்ணீரில் தண்ணீரைத் தவிர வேறு எதுவுமே இல்லை. சோறு வெந்தது, ருசிக்கவில்லை. டீயைக் குடித்தவர்கள் டீத்தூள் கம்பெனியைத் திட்டினார்கள். உடம்புக்கு வேண்டிய தாதுக்கள் போய்விட்டனவே என்று மருத்துவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, ஜனங்கள் அதற்குச் 'செத்த தண்ணி' என்று பெயர் வைத்துவிட்டுப் பழைய கிணற்றுக்கே குடத்தைத் தூக்கினார்கள்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் தேர்கரி. இதில் ஒவ்வொரு துளையும் சிறு மின்னூட்டத்தில் சுருங்கும், விரியும். எதை நிறுத்துவது, எதை ஒரு சிட்டிகை விட்டுவைப்பது என்று தானே தேர்ந்தெடுக்கும். ஆனால் ருசி எது என்று அதற்கு யார் சொல்வது? எந்த விஞ்ஞானியாலும் முடியாத காரியம் என்பதால் அந்தந்த ஊர் நாக்கையே கேட்டுவிட முடிவு செய்தார்கள். ஊர்க்காரர் சிலரை உட்காரவைத்துக் கோப்பை கோப்பையாகத் தண்ணீர் தருவார்கள். ஆளுக்கு மூன்று பொத்தான்: 'நல்ல தண்ணி', 'உப்பு', 'வேண்டாம்'.

'உப்பு' என்றால் தேர்கரி உப்பைக் குறைத்துக்கொள்ளும். 'வேண்டாம்' என்பது எண்ணெய் கலந்த தண்ணீர், நச்சுப்பாசி ஏறிய தண்ணீர் போன்றவற்றுக்காக வைத்த பொத்தான். வாடையிலேயே கோப்பையைத் தள்ளிவிடத் தோன்றுமே, அந்த வகை. அப்படிப்பட்ட தண்ணீரைத் தேர்கரி வடிகட்டக்கூட முயலாது. விஷம் என்று எடுத்துக்கொண்டு எல்லாத் துளைகளையும் மூடிவிடும். ஏன் வேண்டாம் என்று அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தக் கோப்பைக்கும் மற்றக் கோப்பைக்கும் என்ன வித்தியாசம் என்று அதுவே தேடிக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த விஷத்தை மறக்காது. அதே விஷம் நிறைய வந்து மோதினால் அதன் மூக்கு இன்னும் கூர்மையாகிவிடும்.

அன்று எந்த விஷம் வந்து மோதியது என்பதுதான் வெயினிக்கு விளங்கவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் நிதர்சன் ஈர வேட்டியோடு வந்து நின்றார். அவருக்கு வயது அறுபது. அவர் பிறந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள்.

"என்னம்மா, நல்ல நாளும் அதுவுமாத் தண்ணிய நிறுத்திட்டீகளே?"

"நான் நிறுத்தலைங்க. அதுவா நிறுத்தியிருக்கு."

"அதுக்கு யார் மேல கோவமாம்?"

"அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

எண்ணெய் இல்லை. பாசி இல்லை. படகில் ஆழத்துக்குப் போய் அள்ளிவந்த தண்ணீருக்கும் சிவப்பு விளக்குத்தான். இரண்டு நாள், மூன்று நாள் என்று காலம் ஓடியது. ஊரின் மேற்கே ஒரு கிணறும் கிழக்கே ஒரு கிணறும் உண்டு. ஆடிக் காற்றில் இரண்டும் வறண்டு, ஊறுவது வீட்டுக்கு அரைக்குடம் என்றாகிவிட்டது. துறையின் விதியோ கறாரானது. பௌர்ணமி வரை திறக்காத நிலையத்தில் தாளை உரித்தெடுத்து, வரிசையில் காத்திருக்கிற அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உரித்தால் இனி எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெயினிக்கு ராத்தூக்கம் போயிற்று.

நான்காம் நாள் அவள் மேலக்கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள். மோட்டார் குழாயிலிருந்து நேராகப் புட்டியில் பிடித்து, தேர்கரித் துண்டு பதித்த சோதனைக் கிண்ணத்தில் ஊற்றினாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்றிருந்தது. தலைவரும், கிழக்குப் பக்கத்து வார்டு உறுப்பினர் ஓவியாவும் அங்கேதான் இருந்தார்கள். தலைவர் நாற்காலியில் இருந்தார். ஓவியா, தன் பக்கத்துக் குழாய்களுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கேட்க வந்தவள், கதவோரம் நின்றிருந்தாள். அங்கே இன்னொரு நாற்காலியும் காலியாகத்தான் கிடந்தது.

கிண்ணத்தில் ஓர் எறும்பு விழுந்து தத்தளித்தது. வெயினி அதை விரலால் எடுத்துவிட்டாள்.

பச்சை சிவப்பாயிற்று.

கிண்ணத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். பச்சை. இந்த முறை எறும்பு இல்லை, வெறும் விரலை மட்டும் நனைத்தாள். சிவப்பு. சோப்புப் போட்டுக் கைகழுவி வந்து நனைத்தாலும் சிவப்பு. அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. பயத்தில் இல்லை, ஏதோ ஒன்றின் வாலைப் பிடித்துவிட்ட குஷியில்.

"அக்கா, கொஞ்சம் விரலை விடுங்க."

ஓவியா தயங்கினாள். "நானா?" என்று கேட்டுவிட்டு, தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நனைத்தாள். சிவப்பு.

தலைவர் சிரித்தார். "பின்ன? எங்கிட்டுப் போனாலும் அந்தக் கை..." என்று எதையோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கல் மோதிரம் போட்ட தன் விரலைப் பெருந்தன்மையோடு நீட்டினார். புதுத் தண்ணீர் ஊற்றினாள். மோதிர விரல் பட்டதும் அதே சிவப்பு. அவர் வேட்டியில் துடைத்துவிட்டு இடது கையை நனைத்துப் பார்த்தார். தேர்கரி இடது வலது பார்க்கவில்லை.

"என்னம்மா இது, மனுசக் கை பட்டாலே ஆகலேங்குது?"

அந்தக் கேள்வியில்தான் வெயினிக்குப் பங்குனி மாதம் ஞாபகம் வந்தது.

பயிற்சி நடந்தது பங்குனியில், பஞ்சாயத்துக் கொட்டகையில். ருசி பார்க்க ஊர்க்காரர்கள் வேண்டும் என்று அவள் கேட்டதும், தலைவர் ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். எல்லாரும் மேலத்தெரு. அவர்களிடம் ஒரு வழக்கம். கோப்பையை வாயில் வைக்கும் முன்னால் ஒவ்வொருவரும் கேட்டார்கள்: "எந்தக் கிணத்துத் தண்ணிம்மா?" வெயினி திருச்சிக்காரி. காவிரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள், எந்தத் தண்ணீர் என்று ஒருநாளும் கேட்டறியாதவள். அடடா, தண்ணீரை இவ்வளவு நுணுக்கமாக ரசிக்கிற மனிதர்களா என்று நெகிழ்ந்துபோய், "இது மேலக்கிணறு, இது கீழக்கிணறு" என்று சந்தோஷமாகச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

மேலக்கிணறு என்றதும் மடக்மடக்கென்று குடித்தார்கள். கீழக்கிணறு என்றதும் கோப்பையை உதட்டருகில்கூடக் கொண்டுபோகவில்லை. ஒரு விரலால் தள்ளிவைத்துவிட்டு 'வேண்டாம்' பொத்தானை அழுத்தினார்கள். "சவருத் தண்ணிம்மா, வாயில வைக்க முடியாது" என்றார் ஒருவர், வாயில் வைக்காமலே. அவளுடைய அளவுமானி இரண்டு கிணற்றுக்கும் ஒரே உப்புத்தான் காட்டியது. அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் புது வேலை, புது ஊர். நாக்கு சொல்வதே சட்டம் என்று துறை கற்றுக்கொடுத்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த கோப்பையை எடுத்தாள்.

தேர்கரி மட்டும் நல்ல மாணவனாக உட்கார்ந்து யோசித்திருக்கிறது. உப்பு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, ஊற்று ஒன்று. அப்படியானால் இதில் மட்டும் என்ன விஷம்? தேடித் தேடி ஒரே ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது. மேலக்கிணற்றுக்கு இரும்பு மூடி, மூடிக்குப் பூட்டு, உள்ளே மோட்டார். யார் கையும் படக் கூடாதென்று போட்ட பூட்டு அது, அதனால் உண்மையிலேயே யார் கையும் பட்டதில்லை. கீழக்கிணறு திறந்த கிணறு. கயிறு, வாளி, நாளெல்லாம் நனைகிற கைகள். அந்தத் தண்ணீரில் மனிதத் தோலின் வியர்வை இம்மியளவு இருந்தது. மனிதக் கை பட்ட தண்ணீர் விஷம் என்று தேர்கரி எழுதிவைத்துக்கொண்டது. எந்த மனிதன் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த வித்தியாசம் வியர்வையில் இல்லை.

நிலையத்துக் குழாய் தண்ணீர் இழுக்கிற நடுக்கடலில் கை நனைப்பவர் யார்? அதனால் நாலு மாதம் ஓடிவிட்டது. ஆடி அமாவாசையன்று சுற்றுவட்டாரமே பாவத்தைக் கழுவக் கடலில் இறங்கியது. தேர்கரியின் மூக்கு ஒரே நாளில் கூர்மையாகிவிட்டது. இனி எந்தக் கடலை மொண்டு கொடுத்தாலும் அதற்கு அந்த வாடை தெரியும்.

வெயினி எல்லாவற்றையும் தலைவரிடம் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது, ஓவியாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஓவியா சிரித்தாள். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. "அப்ப எங்க தண்ணிய வேணாம்னு அமுக்குனதுக்கு, அது உங்க அம்புட்டுப் பேரையுஞ் சேத்து வேணாம்னுருச்சு. அப்படித்தான?"

தலைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சரிம்மா, பழச அழிச்சிட்டுப் புதுசா எழுதிவிடுங்க."

"என்னால அழிக்க முடியாதுங்க. ஊர் நாக்கு சொன்னதை ஊர் நாக்குத்தான் மாத்தணும். அதே தண்ணிகளைத் திருப்பிக் கொடுப்பேன். இந்த வாட்டி எந்தக் கிணறுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"ஏம்மா, எங்க கை பட்டது மட்டும் நல்ல தண்ணின்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டா?"

"சொல்லலாம். ரெண்டு கைக்கும் என்ன வித்தியாசம்னு அது தேடும். கிடைக்காது."

"அம்புட்டுப் பெரிய மிசினு, அதால முடியாதா?"

"இல்லாததை எப்படிங்க கண்டுபிடிக்கும்?"

மறுநாளே கொட்டகையில் பழைய ஆட்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் உதடு வெடித்திருந்தது. ஒரே மாதிரிக் கோப்பைகள், ஒரே அளவு தண்ணீர். ஓவியாவும் கிழக்குப் பக்கத்துச் சிலரும் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆள் வழக்கம் மாறாமல் கேட்டார். "எந்தக் கிணத்துத்..."

வெயினி தலையாட்டி மறுத்தாள்.

அவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் தலைவரைப் பார்த்தார். தவித்த வாய்க்கு அரையடி தூரத்தில் தண்ணீர் இருக்கிறது. குடிக்கத்தான் ஆசை. ஆனால் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறதென்று பொத்தானையும் அமுக்கிவிட்டு, பிறகு அது அந்தக் கிணறு என்று தெரிந்தால்? வெளியே வேறு அவர்கள் நின்று பார்க்கிறார்கள். நாளை தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

தலைவர் தன் கோப்பையை எடுத்தார். அது மேலக்கிணற்றுத் தண்ணீர். வெயினிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு 'வேண்டாம்' என்று அழுத்தினார்.

அவ்வளவுதான். எதற்கு வம்பு என்று மற்றவர்களும் வரிசையாக அழுத்தினார்கள். தாங்கள் பிறந்ததிலிருந்து குடித்துவந்த கிணற்றை அழுத்தினார்கள். வெயினி ராமநாதபுரத்தில் காசு கொடுத்து வாங்கிவந்த மூடி போட்ட தண்ணீரையும் அழுத்தினார்கள். ஒரு கோப்பைகூடத் தப்பவில்லை. கடைசிக் கோப்பையும் தள்ளிவைக்கப்பட்டதும் பலகையில் எழுத்து ஓடியது: 'இவ்வூர் எல்லாத் தண்ணீரையும் மறுக்கிறது. இங்கே தண்ணீர் தேவையில்லை எனத் துறைக்குத் தெரிவிக்கலாமா?'

வெயினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எந்திரம் நக்கலடிக்கிறதோ என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். அதற்கு நக்கல் தெரியாது. பாவம், அது கேட்டதைத்தான் சொல்கிறது.

"மேடம்." ஓவியாவின் குரல் வெளியிலிருந்து வந்தது. "ஊர் நாக்கு ஊர் நாக்குங்கிறீகளே, ஊருன்னா யாரு?"

"அதென்ன கேள்வி?" என்றார் தலைவர். "ஊருன்னா ஊருதான். நீங்க காலனி." கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவருக்கு அடையாளம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

வெயினிக்குப் பொட்டில் அடித்தது போலிருந்தது. பங்குனியில் 'ஊர்க்காரர்கள் வேண்டும்' என்று கேட்டவள் அவள்தான். கேட்ட சொல்லுக்குத் தலைவர் தனக்குத் தெரிந்த அர்த்தத்தைக் கொடுத்துவிட்டார். எந்திரத்துக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? பலகையில் தேடினாள். துறை எழுதிய விளக்கம் ஒற்றை வரிதான். ஊர் என்பது இந்த நிலையத்தின் குழாய் செல்லும் வீடுகள்.

"அக்கா, உங்க வீட்டுக்குக் குழாய் போகுதுல்ல?"

"குழாய் போகுது. தண்ணி வந்தாப் பாக்கலாம்."

"அப்ப உள்ள வாங்க. எல்லாரையும் கூப்பிடுங்க."

மேலத்தெருக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். அந்த நாற்காலிகளில் இவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கொட்டகையில் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். தாகம் முணுமுணுப்பைப் பெரிதாக வளரவிடவில்லை. வெயினி கோப்பைகளைக் கொடுத்தாள். எந்தக் கிணறு என்று ஒருவரும் கேட்கவில்லை. குடித்தார்கள், வாயில் வைத்து உருட்டினார்கள், சண்டை போட்டார்கள். "இது கடுக்குதப்பா", "ஒனக்கு நாக்குச் செத்துப்போச்சு, இது சர்க்கரை" என்று ஒரே இரைச்சல். கடல் கலந்த கோப்பைக்கு உப்பு என்றார்கள். எண்ணெய் வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றார்கள். இரண்டு கிணற்றுத் தண்ணீரும் நல்ல தண்ணீராயிற்று.

முடிந்ததும் ஓவியா கேட்டாள். "இதுல எது மேடம், ஊர்க்கிணறு?"

முடிவைப் பூட்டியாயிற்று, இனிச் சொல்வதில் தப்பில்லை. வெயினி ஒரு கோப்பையைக் காட்டினாள். அதில் பாதி மிச்சமிருந்தது. நாற்பது வருஷமாக ஓவியா அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள், கல்யாணமாகித் தண்ணீர் எடுக்கப் போனாள், ஓட்டுக் கேட்கப் போனாள். அந்த மூடிக்குக் கீழே என்ன ருசி இருக்கிறதென்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாளோ. மெல்லக் குடித்தாள். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள். பிறகு காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

பலகையில் பச்சை விளக்கு எரிந்து, பின்னால் பம்பு இரையத் தொடங்கியது.

பௌர்ணமியன்று மண்டலப் பொறியாளர் தாளை உரிப்பதற்கான பெட்டியோடு வந்து இறங்கினார். நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. நம்பாமல் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தார். இன்னொரு தம்ளர் குடித்தார். மேலத்தெருவில் பத்து நாளாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். ருசி முன்னைவிடக் கூடியிருக்கிறது என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டார்கள், வாசலில் பேசவில்லை.

"பிரமாதம்" என்றார் பொறியாளர். "இந்த மாவட்டத்துலயே நான் குடிச்ச நல்ல தண்ணி இதுதான். என்ன ஒரு நாக்கு! யாருங்க ருசி பார்த்துச் சொன்னது?"

வெயினி வாயைத் திறக்கப் போனவள், வேண்டுமென்றே மூடிக்கொண்டாள். இந்த முறை ஓவியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். பொறியாளரும் பார்த்தார்.

நிதர்சன் மோதிரத்தை ஒருமுறை சுழற்றிக்கொண்டார். காலனி என்று சொன்னால் தன் வீட்டுப் பானையில் இருப்பது என்ன தண்ணீர் என்று ஆகிவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கூச்சமில்லாமல் நிமிர்ந்து சொன்னார்.

"ஊர்க்காரங்கதான்."

பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் அவர் அதைச் சொன்னார்.